கைப்பிடி இல்லாத மாடிப்படி

வேலை முடிந்து மாலை வகுப்புக்கு வருகிறவர்களில் பாதிப்பேர் தூங்கிவிடுவார்கள். எனக்குத் தூக்கம் வராது. வாடகைச் சட்டம் நடத்திய அன்று திரும்பத் திரும்பக் கேள்வி கேட்டேன். சரியாகப் புரிந்துகொண்டேனா என்று இன்னமும் சந்தேகம்தான்.

ஆண்டுக்கு நூற்றுக்கு ஐந்துக்கு மேல் வாடகையை ஏற்றக் கூடாது. ஆனால் அந்த வரம்பு இப்போது குடியிருப்பவருக்கு மட்டும். அவர் போய்விட்டால், புதிதாக வருகிறவரிடம் எவ்வளவு வேண்டுமானாலும் கேட்கலாம்.

எங்கள் மாடியில் நான் பிறப்பதற்கு முன்பிருந்தே தையல்கார அத்தை குடியிருந்தார். அவர் தந்த வாடகையில் கூரை ஒழுகலைக்கூட அடைக்க முடியவில்லை. அக்கா விடாமல் குத்திக்காட்டுவாள்: "பெரிய சட்டம் படிக்கிறானாம். ஒரு கிழவியக் கிளப்பத் துப்பில்ல."

கேட்டுப் பார்த்தேன். சாமான்களை நானே ஏற்றி இறக்கித் தருகிறேன் என்றேன். அத்தை நூல் கோத்துக் கொடு என்று ஊசியை நீட்டினார்.

"எங்கடா போவேன்? கண்ணே தெரியல. இந்தப் படின்னா கைப்பிடியப் பிடிச்சு இறங்கிடுவேன். வேற வீட்டுல விழுந்து சாகவா?"

கோத்துக் கொடுத்தேன்.

பழுது பார்ப்பது வீட்டுக்காரரின் கடமை. அதுவும் அதே சட்டத்தில் இருக்கிறது. கைப்பிடி துருப்பிடித்திருந்தது உண்மை. அத்தை குளிக்கப் போன நேரம் பார்த்துக் கழற்றி, வெல்டிங் பட்டறைக்கு அனுப்பினேன். அவரிடம் சொல்லத்தான் நினைத்தேன். பயந்துவிடுவாரோ என்று விட்டுவிட்டேன். சிரமம் தாங்காமல் தானாகவே காலி செய்துவிடுவார் என்பதுதான் என் எண்ணம். அது மட்டும்தானா என்று கேட்டால், உறுதியாகச் சொல்ல வரவில்லை.

மேல்படியில் நின்று அத்தை காற்றைத் துழாவினார்.

"கீழ யாரு? தம்பி, நீயா? கைப்பிடி எங்கடா? வந்து கையக் குடு."

நான் கீழேதான் நின்றிருந்தேன். மூச்சை அடக்கிக்கொண்டேன். யாரும் இல்லை என்று நினைத்து அவர் காலை முன்னால் வைத்தார். ஓடிப்போய்த் தூக்கியது நான்தான். அதற்குள் உயிர் போயிருந்தது.

ஒரு குரல் கொடுத்திருந்தால் நின்றிருப்பார். அதனால்தான் கொடுக்கவில்லை. ஆனால் ஐயா, அவர் இருந்தவரை வரம்புக்கு மேல் ஒரு காசுகூட வாங்கியதில்லை. அதையும் வாக்குமூலத்தில் எழுதிக்கொள்ளுங்கள்.