பன்னிரண்டாவது பெட்டி

— பத்து வோல்ட் காட்டுது தம்பி. அஞ்சுதான் வரணும். இதுவும் ஃபெயில்.

— கோவிச்சுக்காதீங்க அண்ணி. பெட்டியில தப்பில்ல. நீங்க அளக்குறதுலதான் ஏதோ இடிக்குது.

— இங்க பாரு, கொழுந்தன் பெட்டின்னு கண்ண மூடிட்டு பாஸ் போட்டேன்னு இந்த லேப்ல யாராவது சொல்லிட்டா, அப்புறம் என் கையெழுத்துக்கு என்ன மதிப்பு? இதயம் தானா துடிக்காதவங்களுக்கு மாட்டுற பெட்டி இது. ரெண்டு மடங்கா அடிச்சா யார் பதில் சொல்றது?

— பாஸ் போடுங்கன்னு கேக்கல. என் கண்ணு முன்னாடி ஒரு தடவ அளந்து காட்டுங்க, போதும்.

— உங்கண்ணன்கூட நேத்து சாப்பிடும்போது கேட்டாரு. பன்னண்டு பெட்டியும் மொதல்ல ஃபெயில். பதினொண்ண சரி பண்ணிக் கொண்டாந்த, பாஸ் போட்டேன், ஆஸ்பத்திரி வார்டுக்குப் போயாச்சு. இது ஒண்ணுல மட்டும் அவனுக்கு என்ன பிடிவாதம்னுதான் அவரு கேட்டாரு.

— மனசு கேக்கல அண்ணி. பெட்டி செய்யுற எங்க கம்பெனியில அஞ்சு காட்டுறது உங்க ஸ்கோப்புத் திரையில எப்படிப் பத்தாகும்? அதான் இத மட்டும் தொடாம வெச்சிருந்தேன்.

— சரி, தொட்டு அளக்குற ப்ரோப்ப பாத்துடலாம். அதோட சுவிட்ச் பத்து மடங்குல இருக்கு, ஸ்கோப்பும் பத்து மடங்குலதான் இருக்கு. அது மாறியிருந்தா பத்து மடங்கு தப்பும், ரெண்டு மடங்கு தப்பாது.

— ப்ரோப்ப சோதிக்க ஸ்கோப்பே குடுக்குற சதுர அலையில வெச்சுப் பாத்தீங்களா?

— இதோ வெச்சாச்சு. மூலையெல்லாம் கத்தியில நறுக்குன மாதிரி இருக்கு. ப்ரோப் மேல பழி போட முடியாது.

— அப்ப பெட்டியிலேருந்து வர்ற கேபிள். ஸ்கோப்புல சேர்ற முனையில மாட்டுற அம்பது ஓம் தடை எங்க, அண்ணி?

— அது ஸ்கோப்புக்குள்ளயே இருக்கே.

— பழசுல இருந்துச்சு. இந்த ஸ்கோப்பு எப்ப வந்துச்சு?

— மூணு வாரம் ஆச்சு. ஏன்?

— இதுல உள்ள கிடையாது. கேபிள் சொருகுற வாய்க்குப் பக்கத்துல எழுதியிருக்கு பாருங்க, ஒரு மெகாஓம்னு. பெட்டிக்குள்ள ஒரு அம்பது, இந்த முனையில ஒரு அம்பது, ரெண்டும் வோல்டேஜ சரிபாதியா பங்கு போட்டுக்கணும். இங்க பங்கு வாங்க ஆளே இல்லன்னா மொத்தமும் திரைக்கு வந்துடும்.

— இழுப்பறையில ஒண்ணு கெடந்துச்சே, விரல் நுனி அளவுக்கு... இரு, இதோ இருக்கு. திருகுறேன். பாரு. அஞ்சு. அட, சரியா அஞ்சு.

— அப்ப பெட்டி மொதல்லேருந்தே அஞ்சுதான் குடுத்திருக்கு.

— பதினாறு வருஷமா இதே மேசை. புதுசா வந்தத ஒரு தடவ குனிஞ்சு படிச்சுப் பாக்கத் தோணல எனக்கு. மன்னிச்சுக்கோப்பா. உன்ன அங்க என்னென்ன பேசினாங்களோ.

— அது கெடக்கட்டும் அண்ணி.

— ஜெயிச்சவன் மூஞ்சி ஏன் இப்படி வெளுத்துப்போச்சு? இரு, உங்க மேனேஜருக்கு நானே ஃபோன் போடுறேன். தப்பு முழுக்க என்னோடதுன்னு என் வாயாலயே சொல்லிடுறேன்.

— மேனேஜருக்கு அப்புறம் பேசலாம். மொதல்ல வார்டுக்குப் போடுங்க அண்ணி. உங்க திரையில அஞ்சு வரணும்னு, அந்தப் பதினொண்ணையும் நான்தான் உக்காந்து ஒவ்வொண்ணா அஞ்சுலேருந்து ரெண்டரையாக் குறைச்சேன்.