இரும்புப் பாலத்தில் இருபது நிமிடம்

எங்கள் பற்களின் ஓட்டையையும் எங்கள் ஓட்டத்தின் ஓட்டையையும் ஒருசேர அறிந்த பல் மருத்துவர், நம் ஓட்டக் குழுவின் தலைவர் அம்மா அவர்களே! அறுபத்தெட்டு வயதிலும் அலுக்காமல், அசராமல், அரை மணி முன்னதாகவே வந்து எங்களை வெட்கப்பட வைக்கும் ஓய்வுபெற்ற தபால்காரர் ஐயா அவர்களே! பிள்ளைகளைப் பள்ளியில் இறக்கிவிட்டு, அடுப்பையும் அணைத்துவிட்டு, ஆற்றங்கரையில் காற்றை எதிர்த்து ஓடும் தாய்மார்களே! குளிர்காலம் வந்தால் கூட்டத்துக்கு மட்டும் வந்து ஓட்டத்துக்கு வராத குணக்குன்றுகளே! சிரிக்காதீர்கள், உங்களைத்தான் சொல்கிறேன். உங்கள் அத்தனை பேருக்கும் இந்த லிஃப்ட் மெக்கானிக்கின் நெஞ்சார்ந்த வணக்கம்.

கடைசி வரிசையில் என்ன? கேட்கவில்லையா? மைக்கைக் கிட்டே பிடித்துக்கொள்கிறேன். நீச்சல்குளத்துக்கு மேலே இருக்கிற இந்த அறையில் குளிர் எங்கே இருக்கிறது? குளிரைப் பற்றிப் பேச இப்படி ஓர் இடம்!

எனக்குக் கொடுத்த தலைப்பு, 'குளிரிலும் குன்றாத ஊக்கம்.' எனக்குக் கொடுக்கப்போவது, அதோ, மேசைமேல் துணி போர்த்தி வைத்திருக்கிற கேடயம். போன குளிர்காலத்தில் என் மச்சினன் உயிரை நான் ஓடிப்போய்க் காப்பாற்றினேனாம். அதற்காக. அந்த மச்சினனை உங்களுக்குத் தெரியும். பேக்கரியில் மாவு பிசைகிறவன். ஓடும்போதும் வாய் ஓயாததால் நீங்களே 'ரேடியோ' என்று பெயர் வைத்தீர்கள். இரண்டாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறான். பக்கத்தில் அவன் அக்கா. அதாவது, என் வீட்டுக்காரி.

தலைப்பைக் காப்பாற்ற இரண்டு வார்த்தை சொல்லிவிடுகிறேன். குளிரில் நம்மைக் கவிழ்ப்பது எது? பனியா? காற்றா? இல்லை, ஐயா, இல்லை! நம் வியர்வைதான் நம்மைக் கவிழ்க்கிறது! வாசலில் நிற்கும்போதே இதமாக இருக்கிறதா? அப்படியானால் ஒரு சட்டை அதிகம் போட்டிருக்கிறீர்கள். முதல் பத்து நிமிடம் பல் கிட்ட வேண்டும், தோள் கூச வேண்டும், வீட்டுக்குத் திரும்பலாமா என்று மனம் கெஞ்ச வேண்டும். அதுதான் சரியான அளவு. உடம்பை ஒட்டிப் பருத்தித் துணி போடாதீர்கள். அது வியர்வையை வாங்கிக்கொள்ளும், திருப்பிக் கொடுக்காது. ஓடுகிற வரைக்கும் ஒன்றும் தெரியாது. நின்றீர்களா? தொலைந்தீர்கள்.

ஆற்றங்கரையே உறைந்து கிடந்த அந்த ஞாயிற்றுக்கிழமை காலை என் மனைவி தம்பிக்குப் பருத்தி பனியன், அதன்மேல் தடிச் சட்டை, அதன்மேல் கம்பளி ஸ்வெட்டர், அதன்மேல் மழைக்கோட்டு என்று பாசத்தையெல்லாம் பொத்தான் போட்டு அனுப்பினாள். "அக்கா, நான் ஓடப் போறேனா, குடிபெயர்ந்து போறேனா?" என்று கேட்டான். "வாயை மூடிட்டுப் போடா, காத்து உள்ள போகும்" என்றாள்.

நம் குழுவின் வழக்கம் உங்களுக்குத் தெரியும். முன்னால் போகிறவர் இரும்புப் பாலத்தில் நிற்க வேண்டும். பின்னால் வருகிறவர் வந்து சேரும்வரை நகரக் கூடாது. யாரும் யாரையும் தவறவிடக் கூடாது என்று நாமே போட்ட விதி. நல்ல விதி, கோடைகாலத்துக்கு. அன்று வந்தது நாங்கள் இருவர்தான். ரேடியோ வழக்கம்போல முன்னால் போய்விட்டான்.

நான் பின்னால் இருந்தேன். ஏன் பின்னால்? என் ஷூ லேஸ் அறுந்துவிட்டது என்று உங்களிடம் சொன்னேன். மருத்துவமனையில் சொன்னேன். என் மனைவியிடம் சொன்னேன். பதினோரு மாதமாகச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

தலைவர் அவர்களே, துண்டுச்சீட்டு அனுப்பாதீர்கள். நேரம் ஆனது எனக்கும் தெரிகிறது. இதைச் சொல்லாமல் இறங்கினால் இனி எந்த மேடையிலும் ஏற மாட்டேன்.

லேஸ் அறுந்துபோகவில்லை. என் மனம்தான் அறுந்தது! டயர் கடையைத் தாண்டியபோது விரல் மரத்துப்போனது, மூக்கு எரிந்தது, எதற்கு இந்த வேலையற்ற வேலை என்று தோன்றியது. பேருந்து டிப்போவின் கண்ணாடிக் கதவு தெரிந்தது. உள்ளே ஹீட்டர். ஹீட்டர் பக்கத்தில் பெஞ்சு. பெஞ்சுக்கு எதிரே டீ. கால் பிடித்துக்கொண்டது என்று ரேடியோவிடம் சொல்லிக்கொள்ளலாம், அவனும் சலித்துப்போய் வீட்டுக்குப் போய்விடுவான் என்று நினைத்தேன். உள்ளே போனேன். உட்கார்ந்தேன். டீ கிளாஸை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இன்னொரு டீ சொன்னேன்.

ஆமாம் அம்மா, நீங்கள் உச்சுக் கொட்டியது எனக்குக் கேட்டது. நன்றாகக் கொட்டுங்கள்.

அவன் பாலத்தில் நின்று இருபது நிமிடம் ஆகியிருக்கும். இரண்டாவது டீ பாதியில் இருக்கும்போது ஒரு டிரைவர் கையைத் தேய்த்துக்கொண்டே வந்தார். "பாலத்துமேல ஒரு ஆளு தள்ளாடிட்டு நிக்கிறான். காலங்காத்தாலயே ஊத்திக்கிட்டான் போல" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நான் டீ கிளாஸைக் கீழே வைத்தேன். ரேடியோ குடிக்க மாட்டான். இருமல் மருந்துக்கே முகத்தைச் சுளிப்பான்.

ஓடினேன். ஆம், நீங்கள் புகழ்கிற அந்த ஓட்டம் அதுதான்! போய்ப் பார்த்தால், அவன் நடுங்கவில்லை. நடுங்கியிருந்தால்கூட இவ்வளவு பயந்திருக்க மாட்டேன்; குளிரில் நடுக்கம் நின்றுபோனால்தான் ஆபத்து. உதடு நீலம். உள்ளே அத்தனை துணியும் பிழிந்தால் சொட்டும் ஈரம். ஒரே ஒரு பொத்தானைப் போடப் பார்க்கிறான், போட முடியவில்லை. "பொத்தா... பொத்தா..." என்கிறான், நாக்கு புரளவில்லை. பேசிப் பேசியே நம் காதைத் தின்ற ரேடியோ, நின்றுபோயிருந்தது.

அந்த டிரைவரே பின்னால் பேருந்தைக் கொண்டுவந்து ஏற்றினார். ஈரத்தைக் கழற்றித் தன் கோட்டைப் போர்த்தினார். இரண்டு நாள் மருத்துவமனை. பிழைத்தான். காப்பாற்றியவர் அவர்! பிறகு அவரை வேறு தடத்துக்கு மாற்றிவிட்டார்கள் என்று கேள்விப்பட்டபோது நான் என்ன செய்தேன் தெரியுமா? நிம்மதியாக மூச்சு விட்டேன். டிப்போவிலும் பாலத்திலும் என்னைப் பார்த்த ஒரே ஆள் போய்விட்டார் என்று. இப்படிப்பட்ட ஆளுக்கா கேடயம்? ஊக்கத்தைப் பற்றி நானா பேசுவது?

பேசுகிறேன்! இழந்தவன்தான் அதன் விலையைப் பேச வேண்டும்! குளிரில் உங்களைப் படுக்கையிலிருந்து எழுப்புவது எது? அலாரமா? அதை அணைத்துவிடலாம். ஆசையா? அது போர்வைக்குள்ளேயே செத்துவிடும். அங்கே ஒருவர் நிற்கிறார் என்ற நினைப்பு, அது ஒன்றுதான் எழுப்பும்! அந்த நினைப்பை நான் ஹீட்டர் பக்கத்தில் உட்கார்ந்து அணைத்தேன். ஆகவே, கேடயத்தை எடுத்து உள்ளே வையுங்கள். எனக்கு ஒன்று கொடுக்க வேண்டுமென்றால் விதியை மாற்றிக் கொடுங்கள். இனிப் பாலத்தில் யாரும் நிற்கக் கூடாது! முன்னால் போனவர் திரும்பி ஓடட்டும்! பின்னால் வருகிறவரை நோக்கி ஓடட்டும்! முடியாதவர் முடியவில்லை என்று வாய்விட்டுச் சொல்லட்டும்! ஒளியாமல் சொல்லட்டும்!

கை தட்டாதீர்கள். தயவுசெய்து. இரண்டாவது வரிசையில் இருவர் தட்டவில்லை.

என் மனைவி ஏதோ சொல்கிறாள். மைக் இல்லாமலே கேட்கிறது. "வீட்டுக்கு வாங்க, பேசிக்கலாம்" என்கிறாள். சிரிக்காதீர்கள், நிலைமை உங்களுக்குத் தெரியாது.

ரேடியோ எழுந்து நிற்கிறான். சொல்லுடா. திட்டுவதாக இருந்தாலும் சத்தமாகச் சொல்.

"விதிக்காகவெல்லாம் நான் நிக்கல மாமா. பத்து நிமிஷத்துலயே குளிர் தாங்கல, ஓடிறலாம்னுதான் இருந்தேன். கரையெல்லாம் ஐஸா இருந்துச்சே, நீங்க வழுக்கி ஆத்துல விழுந்துட்டீங்களோன்னு பயம். பாலத்துமேல இருந்தாத்தான் தண்ணி முழுசும் தெரியும். அதான் தண்ணியையே பாத்துக்கிட்டு நின்னேன்."

அவையோரே, பேச்சு இன்னும் ஒரு பக்கம் எழுதி வைத்திருக்கிறேன். என்னால் படிக்க முடியவில்லை. பொறுமையாகக் கேட்ட உங்களுக்கும், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருக்கும் தலைவர் அம்மாவுக்கும் என் நன்றி. நான் கீழே இறங்கி அவனிடம் போகிறேன். வணக்கம்.