ஏர் சுத்தி சலாவுதீன் மேஸ்திரி

மேடையில் இருக்கும் லாரி உரிமையாளர்களே, மறைந்தவரின் தம்பி முகம்மது கவுஸ் பாய் அவர்களே, வேலையை நிறுத்திவிட்டு வந்திருக்கும் தருமபுரி பட்டறைத் தோழர்களே, உங்கள் எல்லோருக்கும் வெல்டிங் பட்டறை சவுரியப்பனின் வணக்கம். சங்கத் தலைவர் என்பதால் என்னை முதலில் பேசச் சொன்னார்கள். எனக்கு இங்கே கால் தரிக்கவில்லை. காரணத்தைப் பிறகு சொல்கிறேன்.

முந்தாநாள் மத்தியானம் நம் சலாவுதீன் மேஸ்திரி வேலை செய்துகொண்டிருந்தவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். பிறகு எழவில்லை. ஐம்பத்திரண்டு ஒரு வயதா? என்ன அவசரம் அந்த மனிதருக்கு?

சைலன்சர் துருப்பிடித்து ஒட்டிக்கொண்டால் முன்பு என்ன செய்தோம்? கேஸ் வைத்து வெட்டினோம். பக்கத்திலேயே டீசல் டேங்க். ஸ்பிரிங் பின் கழலாவிட்டால்? இரண்டு பேர் மாறி மாறிச் சம்மட்டியால் அடித்தோம். பின் கழன்றதோ இல்லையோ, யாராவது ஒருவர் விரல் நசுங்கியது. அறுபத்தாறாம் வருஷம் மேஸ்திரி பெங்களூர் ஏலத்தில் ஒரு பழைய ஏர் சுத்தியை வாங்கி வந்தார். ஒரு முழம்கூட இல்லாத இதுவா லாரியைக் கழற்றும் என்று நாம் சிரித்தோம். கம்ப்ரசர் காற்றில் அது படபடவென்று அடித்தபோது, ஒரு பகல் வேலை டீ ஆறுவதற்குள் முடிந்தது. பிரேக் லைனிங் ரிவெட்டா, தேய்ந்த புஷ்ஷா, நசுங்கிய பாடித் தகடா, கூப்பிடு சலாவுதீனை என்றோம். காரிமங்கலம் சந்தைக்குப் போகும் வண்டிகளில், பொம்மிடி ஸ்டேஷனுக்குப் போகும் வண்டிகளில், அவர் கை படாத வண்டி எது?

கோபக்காரர்தான். ஆனால் ஓர் ஆயுத பூஜைக்கு அவரிடம் வேலை பழகிய நம் மாது பக்தி முற்றி ஏர் சுத்திக்குச் சந்தனம் பூசினான். வெளியே பூசியது போதாதென்று காற்று போகும் துளையிலும் அப்பிவிட்டான். மறுநாள் சுத்தி அசையவில்லை. மாது சந்துக்குள் ஒளிந்துகொண்டான். மேஸ்திரி அதைப் பிரித்து மண்ணெண்ணெயில் கழுவிக்கொண்டே, "டேய் மாது, வெளியில வாடா. சாமி கும்புடு, வேணாங்கல. சந்தனத்த வெளிய வையி, உள்ள எண்ணெ மட்டும் வுடு" என்றார். அடுத்த வருஷம் சந்தனத்தை அவரே வாங்கி வந்தார். இப்படி ஒருவரை இனி எங்கே தேடுவோம்?

இப்போது காரணத்தைச் சொல்கிறேன். இண்டூர்ப் பக்கம் மலையடிவாரத்துக்குத் தண்ணீர் கொண்டுபோகும் லாரி அவர் பட்டறையில் ஜாக்கியில் நிற்கிறது. முன் சக்கரங்களைத் திருப்பும் கிங் பின் இரண்டில் ஒன்றை மாற்றிவிட்டார். மற்றதில் சுத்தியை வைத்தபோதுதான் சாய்ந்தார். பழைய பின்னை அடித்து வெளியே எடுத்தால் போதும், புதுப் பின் தயாராக இருக்கிறது. ஆனால் மேஸ்திரி ஒருவர் இறந்தால் மூன்று நாள் தெருவில் சுத்திச் சத்தம் கேட்கக்கூடாது என்பது நம் வழக்கம். பட்டறையும் பூட்டிக் கிடக்கிறது.

கடைசி வரிசையில் இருக்கிறாரே மல்லையன், அவர் அந்த அடிவாரத்துக்காரர். காலையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "கெணத்துல சேறுதானுங்க இருக்குது. மாட்டுக்குக்கூட வைக்க முடியல. எழவு நேரத்துல கேக்கறது தப்புதானுங்க, ஆனா லாரி எப்பங்க வரும்?" என்றார். தண்ணீர் கேட்கிறவருக்கு வழக்கத்தைக் கரைத்துக் குடிக்கக் கொடுக்கவா?

கவுஸ் பாயை அனுப்பி, மேஸ்திரியின் மனைவி அஸ்கரி பேகம் அம்மாவிடம் கேட்டேன். "அவரு இருந்திருந்தா இந்நேரம் உங்க எல்லாரையும் திட்டித் தீர்த்திருப்பாரு. மொதல்ல அந்த லாரிய அனுப்புங்க. அப்புறமா வந்து அழுங்க" என்று சொல்லிப் பட்டறைச் சாவியையும் கொடுத்தனுப்பினார். அந்த அம்மாவின் துக்கத்தைவிட நம் துக்கம் பெரியதா? தோழர்களே, எனக்கு அழுகையும் வருகிறது, இப்படி உட்கார்ந்திருக்கிறோமே என்று ஆத்திரமும் வருகிறது.

மாது, எழுந்திரு. இந்தா சாவி. கம்ப்ரசரை ஓட்டு. சுத்தியின் உளியைப் பின்னின் மேல் அழுத்தி வைத்த பிறகே விசையை இழு. வழக்கத்தை மீறிய பழி என் தலையில் விழட்டும். சலாவுதீன் மேஸ்திரி தொட்ட வேலை எதுவும் பாதியில் நிற்காது. இது நம் சங்கம் அவருக்குத் தரும் வாக்கு. இரங்கல் கூட்டம் என்றால் இரண்டு நிமிடம் மௌனமாக நிற்பார்கள். நாமும் நிற்போம். தண்ணீர் லாரி அந்தத் தெருமுனையைத் தாண்டிய பிறகு நிற்போம்.