மீனோடு உறைந்த மருந்து

பெருமதிப்பிற்குரிய தலைவர் ரவிச்சந்திரன் அவர்களே, பேரவையில் நிறைந்திருக்கும் பெரியோர்களே, பெற்றுப் பேணிக் காத்த தாய்மார்களே, லூனாசிலிருந்தும் பாடாங் மேஹாவிலிருந்தும் மழையையும் பாராமல் வந்திருக்கும் ரப்பர் பால்மரத் தோட்டத்துச் சொந்தங்களே, மயக்க மருந்து டாக்டர் சுகந்தினி அம்மையார் அவர்களே, மூன்றாம் வரிசையில் என்னை முறைத்துக்கொண்டிருக்கும் என் மனைவி மருதம்மாளே, அனைவருக்கும் குழந்தைவேலுவின் வணக்கம்.

முதலில் ஒரு மன்னிப்பு. பேச்சு முடிந்ததும் இந்தத் தாளைச் செயலாளர் கேட்டிருக்கிறார். எழுத்து ஏறியும் இறங்கியும் இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். எழுபத்து மூன்று வயதில், கோயில் மண்டபத்து வகுப்பில், ஏழு மாதமாகக் கற்ற எழுத்து. ஒரு பக்கத்துக்கு நான்கு நாள் ஆனது. நடுவில் நான் நின்றால் பேச்சு மறந்துவிட்டது என்று எண்ணாதீர்கள், என் எழுத்தை நானே தேடுகிறேன். தயவுசெய்து கை தட்டாதீர்கள், வரி தவறிவிடும்.

சென்ற ஆண்டு மருதம்மாளுக்குப் பித்தப்பையில் கல். வலி வந்தால் சுவரைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். அறுவைக்கு நாள் குறித்தார்கள். போனோம். ரத்தத்தில் சீனி, அதுதான் இனிப்புநீர், எக்கச்சக்கமாக ஏறியிருக்கிறது, இந்த நிலையில் மயக்கம் கொடுப்பது ஆபத்து என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை போனோம். அப்போதும் அதே பதில்.

எனக்கு ஒரே குழப்பம். நாள் தவறாமல் அவளுக்கு இன்சுலின் ஊசி போடுகிறேன். அளவு தவறாமல் சோறு போடுகிறேன். பிறகு ஏறியது எப்படி? எங்கிருந்து ஏறியது? யாரால் ஏறியது? என் அறிவுக்கு எட்டியது ஒன்றுதான். இவள் திருட்டுத்தனமாகத் தின்கிறாள்!

சீனி டின்னைப் பூட்டினேன். பிஸ்கட்டை எண்ணி வைத்தேன். காளியம்மா வீட்டுக் கல்யாணத்துக்குப் போய்வந்தவளின் வாயை முகர்ந்து பார்த்தேன். சிரிக்காதீர்கள், உண்மையாகவே முகர்ந்தேன்.

"நான் தின்னலங்க. மாரியாத்தா மேல சத்தியம்" என்றாள்.

"அப்ப சீனி தானா நடந்து வந்து ஏறிக்கிச்சா?" என்றேன்.

அதன்பின் அவள் பேசவில்லை. பதினாறு நாள் பேசவில்லை. வலி வந்தபோதும் என்னைக் கூப்பிடாமல் சுவரையே பிடித்துக்கொண்டாள்.

அப்போதுதான் டாக்டர் சுகந்தினி அம்மையார் ஓர் ஆய்வு நடத்திக்கொண்டிருந்தார். ஊசி போட்டும் சிலருக்கு இனிப்புநீர் இறங்காமல் அறுவை தள்ளிப்போகிறதே, ஏன் என்பது அந்த ஆய்வு. எங்களை அழைத்து உட்காரவைத்து, என்ன தின்றீர்கள் என்று கேட்கவில்லை, ஐயா! மருந்தை எங்கே வைத்திருக்கிறீர்கள் என்று கேட்டார்.

நான் நெஞ்சை நிமிர்த்தி, ஐஸ் பெட்டியில் என்றேன்.

மருதம்மாள் வாய் திறந்தாள். "மேல்தட்டுல டாக்டர். கெம்போங் மீனோட."

ஆம். குளிரில் வை என்று மருந்து கொடுத்த நர்ஸ் மிசி சொன்னார். குளிர் நல்லதென்றால் கூடுதல் குளிர் கூடுதல் நல்லதுதானே? எங்கள் வீட்டில் கரண்டு அடிக்கடி போகும். ஐஸ் கட்டும் மேல்தட்டில்தான் குளிர் நிற்கும். அங்கே வைத்தேன். காலையில் கல்லாகக் கிடக்கும் மருந்தை இரு உள்ளங்கையிலும் பொத்தி, ஊதி ஊதி உருக்கி, அன்போடு ஊசியில் ஏற்றினேன். உறையவைக்காதே என்று டப்பாவில் எழுதியிருந்ததாம். அன்று எனக்கு எழுத்தெல்லாம் எறும்பு.

டாக்டர் என்னைத் திட்டவில்லை. "ஐயா, நீங்க பால் வெட்டுனவங்கதானே? மரத்துல கட்டுற மங்குல பால் கட்டிப்போச்சுன்னா திரும்பப் பாலாகுமா?" என்று கேட்டார்.

ஆகாது. நாற்பது வருடம் வெட்டியவன் சொல்கிறேன், ஆகாது. இன்சுலினும் அப்படித்தானாம். அது புரதத்தால் ஆன மருந்து. உறைந்தால் உருக்குலையும், உருக்கினாலும் பழைய பலம் திரும்பாது.

ஆனால் சபையோரே, என் குழப்பம் இன்னும் தீரவில்லை. கட்டிய பால் கட்டியாகத் தெரியும், நாறும். இந்த மருந்து தெளிந்த தண்ணீராகவே இருந்ததே! செத்துப்போனது உயிருள்ளதுபோல் இருந்தால் ஏழை எப்படிக் கண்டுபிடிப்பான்? டாக்டரிடம் கேட்டேன். கண்ணால் கண்டுபிடிக்க முடியாது, அதனால்தான் வைக்கும் இடத்தைக் கேட்கிறோம் என்றார்.

புது மருந்து, கீழ்த்தட்டு. ஐந்து வாரத்தில் அறுவை நடந்தது. மயக்க ஊசி போட்டதும் டாக்டர் அம்மையார் போய்விடுவார் என்றுதான் நினைத்திருந்தேன். இல்லையாம். கண் மூடியதிலிருந்து கண் திறக்கும்வரை, ஒவ்வொரு மூச்சையும் பார்த்துக்கொண்டு தலைமாட்டிலேயே நின்றாராம். அம்மையார் அவர்களே, உங்களுக்கு என் நன்றி. நீங்கள் கொடுத்த தாளில் ஐஸ் பெட்டியின் குளிரளவை இப்போது நானே எழுதுகிறேன். அடுத்த வாரமும் எழுதித் தருவேன்.

இனி நான் மேடை ஏறிய காரணம். பழியை நான்கு சுவருக்குள் சொல்லியிருந்தால் மன்னிப்பையும் நான்கு சுவருக்குள் கேட்டிருப்பேன். நானோ பாசாரில் சொன்னேன், கோயிலில் சொன்னேன், காளியம்மாவின் சம்பந்தியிடமும் சொன்னேன். ஆகவே இந்தச் சபை சாட்சியாகச் சொல்கிறேன். மருதம்மாள் தின்னவில்லை! ஒரு துண்டு பிஸ்கட்கூடத் தின்னவில்லை! மருந்தைக் கொன்றவன் நான். அவளைக் குற்றவாளி ஆக்கியவனும் நான். மருதம்மா, என்னை மன்னித்துவிடு.

என்ன சொல்கிறாள்? கேட்கவில்லை, கொஞ்சம் அமைதி.

"போதும், எறங்கி வாங்க" என்கிறாள்.

அன்று வலியிலும் என்னைக் கூப்பிடாதவள், ஓர் ஆண்டுக்குப் பிறகு தானாக என்னை வா என்கிறாள். இதற்கு மேல் இந்த மேடையில் எனக்கென்ன வேலை? பொறுமையாகக் கேட்ட உங்கள் அனைவருக்கும் நன்றி, வணக்கம். வழி விடுங்கள், மூன்றாம் வரிசைக்குப் போகவேண்டும்.