மூணாவது இழுப்பு

— ரெண்டு மணிதான் கேட்டுச்சுன்னு எழுதிக் குடுத்தது நீதானா? அதை மட்டும் சொல்லுண்ணே.

— நான் கையெழுத்துதான் போட்டேன் பாப்பா. எழுதினது ஆபீஸ்காரங்க.

— நல்லா இருக்கு நியாயம்! சுரங்கத்துக்கு அடியில நின்னு மணி அடிச்சவரு உன் தங்கச்சி புருஷன். மேல இன்ஜின்ல உக்காந்து ஆளையும் கரியையும் ஏத்துற கூண்டை இழுத்தவன் நீ. நடுவுல ஆபீஸ்காரன் காதுலயா மணி கேட்டுச்சு?

— கொஞ்சம் என்னைப் பாத்துப் பேசும்மா.

— பாத்துத்தானே பேசறேன்! மூணு அடிச்சா ஆள் ஏறுது, நில்லு. ரெண்டு அடிச்சா கரி, உடனே தூக்கு. பதினோரு வருஷம் அந்த இருட்டுல நின்னவருக்கு இது தெரியாதா? அவரே தப்பா மணி அடிச்சுச் செத்தாருன்னு நாளைக்கு விசாரணையில படிப்பாங்க. என் புள்ளைங்க அதைக் கேட்டுக்கிட்டு உக்காரணுமா?

— முந்தானையை எடு பாப்பா. அழுதுக்கிட்டே வாயை மூடிக்கிட்டா உதடு தெரிய மாட்டேங்குது.

— உதடா? இவ்வளவு நேரம் என் வாயையா பாத்துக்கிட்டிருந்தே? அண்ணே... உனக்குக் காது கேக்கலையா?

— மூணு வருஷமாச்சு. இன்ஜின் சத்தம் தின்னுடுச்சு. தெரிஞ்சா அன்னைக்கே வீட்டுக்கு அனுப்பிடுவாங்க. மாப்பிள்ளைக்கு மட்டும்தான் தெரியும்.

— எங்கிட்ட ஒரு வார்த்தை சொல்லலையே, பாவி மனுஷன்!

— நான்தான் சத்தியம் வாங்கினேன். மணிக்கம்பி என் நாற்காலியை ஒட்டித்தான் போகுது. அதுல விரலை வெச்சுக்குவேன். அவன் கீழ இழுத்தா இங்க துள்ளும். எனக்காகவே கொஞ்சம் ஓங்கி இழுப்பான், மகராசன். எண்ணிக்கிட்டு ஓட்டுவேன். ஒரு நாள் தப்பினதில்ல.

— அன்னைக்கு?

— ரெண்டுதான் தெரிஞ்சுது. தூக்கிட்டேன். அவன் ஒரு கால் கூண்டுல, ஒரு கால் வெளிய... ஐயோ, நான்தான் கொன்னுட்டேன். நாளைக்கு எல்லார் முன்னாலயும் சொல்லிடறேன் பாப்பா. அவன் மூணுதான் அடிச்சான், தூக்கினது இந்தச் செவிடன்னு. வேலை போகட்டும், ஜெயில்ல போடட்டும்.

— மூணு வருஷமா தெரிஞ்சது அன்னைக்கு மட்டும் ஏன் தெரியாமப் போச்சு?

— அதை விடு.

— குடிச்சிருந்தியா?

— சீச்சீ, என்ன பேச்சு!

— பின்ன என்னதான்? தெரியாம நான் எப்படிண்ணே கண்ணை மூடுவேன்?

— உன் கால்ல விழறேன், அதை மட்டும் கேக்காத.

— சொல்லு.

— கையில கிளவுஸ் போட்டிருந்தேன். கம்பளி, நல்ல தடிமன். மூணாவது இழுப்பு தெரியவே இல்ல.

— எந்தக் குளிர்லயும் நீ கிளவுஸ் போட்டு நான் பாத்ததில்லையே. ஏது உனக்கு?

— கம்பெனியில... எல்லாருக்கும் குடுத்தாங்க.

— தலையைக் குனியாத. என் வாயைப் பாரு. நீலக் கலரா?

— கேக்காதன்னு சொன்னேனே பாப்பா...

— அன்னைக்குக் காலையிலதாண்ணே பின்னி முடிச்சு அவர்கிட்ட குடுத்தனுப்பினேன். அவருதான் ஒரு வாரமா அவசரப்படுத்தினாரு, உங்கண்ணனுக்கு விரல்தான் எல்லாம், குளிர்ல விறைச்சுப் போயிடக் கூடாதுன்னு.