நாக்கு தொடாத எழுத்து

ஐஸ் தண்ணீர் வேண்டாம், சார்ஜன். வெதுவெதுப்பாக ஒரு கப் இருந்தால் போதும். பேசுவதற்கு முன்னால் தொண்டையில் குளிர்ச்சி இறங்கினால் முதல் நாலு வாக்கியம் வீண். உங்களுக்கும் சொல்கிறேன், நாள் முழுக்க ஆட்களை அதட்டுகிற போலீஸ் வேலை, அந்தக் கோப்பி ஐஸை விட்டுவிடுங்கள்.

மைக்கை இன்னும் கொஞ்சம் தள்ளி வையுங்கள். ஒரு சாண் இடைவெளி வேண்டும், இல்லாவிட்டால் 'ப' வரும்போதெல்லாம் காற்று அடிக்கும். ஆமாம், அங்கேதான். ஒரு நிமிஷம் பொறுத்தால் வாயைத் தயார் செய்துகொள்வேன். தாடையைக் கையால் நீவித் தளர்த்த வேண்டும். உதட்டை லோரி கிளம்புகிற மாதிரி 'புர்ர்' என்று உதற வேண்டும். நாக்கு பல்வரிசையை வெளிப்பக்கமாக ஒரு சுற்றுச் சுற்றி வர வேண்டும். சிரிக்காதீர்கள், சார்ஜன் சத்தியசீலன். இதையெல்லாம் செய்யாமல் நான் எங்கேயும் முக்கியமாக வாய் திறந்ததில்லை. என் கல்யாணத்தில்கூட, பாதர் முன்னால் சம்மதம் சொல்வதற்கு முன்பு, தேவாலயத்துக் கழிவறையில் செய்துவிட்டுத்தான் வந்தேன். அந்தச் சம்மதம் கடைசி வரிசைவரை கேட்டதாக இன்றைக்கும் சொல்வார்கள்.

சரி. என் பெயர் காப்ரியல். பின்னணிக் குரல் கொடுப்பவன். புக்கிட் பெருந்துங்கில் டயர் கடைக்கு மேல்மாடியில் இருக்கிற சின்ன ஸ்டூடியோ என்னுடையது. பிஸ்கட், பெயின்ட், டிங்கிக் கொசு, தமிழில் எந்த விளம்பரத்தைக் கேட்டாலும் பாதி நான்தான். என் முத்திரை ழகரம். மற்றவர்கள் அதைத் தொட்டும் தொடாமலும் சொல்லிவிட்டு ஓடுவார்கள். நான் கொஞ்சம் தாங்கிப் பிடித்துவிட்டுத்தான் விடுவேன். ல-வுக்கு நாக்கின் நுனி பல்லடியைத் தொடும். ள-வுக்கு வளைந்து மேலண்ணத்தைத் தொடும். ழ-வுக்கும் வளையும், தொடுவதுபோலவே போகும், ஆனால் தொடாமல் நிற்கும். அந்த மயிரிழை இடைவெளிதான் அந்த எழுத்து. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

புனிதனை நானேதான் கண்டுபிடித்தேன். அதற்காக என்னை யாரும் பாராட்டியதில்லை. முந்தின வருஷம் தைப்பூசம் முடிந்த கையோடு ஒரு வேலையாக புக்கிட் செந்தோசாவுக்குப் போயிருந்தேன். பழைய பேப்பர் வாங்குகிற லோரி ஒன்று தெருவுக்குள் வந்தது. ஒலிபெருக்கியில் மலாயில் கூவிக்கொண்டிருந்தவன் அவன். பழைய பேப்பர், பழைய இரும்பு, பழைய பேட்டரி, இவ்வளவுதான் வசனம். பயிற்சியில்லாத வாய், பாதிக் காற்று மூக்கில் போகிறது. இருந்தும் வீட்டுக்குள் இருந்த பெண்கள் எல்லாரும் வாசலுக்கு வந்துவிட்டார்கள். பேப்பர் இல்லாதவர்கள்கூட வந்தார்கள். சுடுசோற்றில் நெய் விட்டதுபோல ஒரு குரல். எனக்கு வயிறு எரிந்தது என்று எழுதிக்கொள்ளாதீர்கள், அப்போது எரியவில்லை. சந்தோஷம்தான்.

பெஸ்தாரி ஜெயா பக்கத்தில் ஒரு தோட்டத்து லயத்தில், தொழிலாளர் வரிசை வீட்டில், இருந்தான். தகப்பன் இல்லை. அம்மா லீலாவதி, அந்தத் தோட்டத்திலேயே செம்பனை நாற்றங்காலில் வேலை. அவருக்கு இவன் ஒரே பிள்ளை.

அவனை ஸ்டூடியோவுக்கு வரவழைத்துப் பழக்க ஆரம்பித்தேன். பையன் நல்ல பையன். நான் சொன்னதையெல்லாம் செய்வான். ஸ்ட்ராவைத் தண்ணீரில் விட்டுக் கொப்புளம் ஊதச் சொன்னால் கப் காலியாகும்வரை ஊதுவான். தாடைப் பயிற்சிக்கு 'பெரிய கொட்டாவி விடு' என்று சொல்லிவிட்டு நான் போனில் பேசப் போய்விட்டேன், திரும்பி வந்தபோது வாயைத் திறந்தபடியே உட்கார்ந்திருந்தான். எல்லாம் வந்தது. ழ மட்டும் வரவில்லை. தோட்டத்து வாய், அம்மாவுக்கும் அப்படித்தான், கோழி என்றால் கோளி. அவனுக்காகவே நான் ஒரு வரி கட்டினேன்: 'கிழக்கே மழை, கீழே வாழை, வாழைக்கும் கீழே ஏழு கோழி.' அவன் வாயில் வாழை வாளை மீனாகிவிடும். அதைத் தனியாக எடுத்துச் சொன்னால் நாங்கள் இருவரும் விழுந்து விழுந்து சிரிப்போம்.

அதற்குத்தான் கார்க். பாட்டில் மூடுகிற சாதாரணக் கார்க்தான். முன்பல்லுக்கு நடுவில் கடித்துக்கொண்டு வாசித்தால் நாக்கு சோம்பேறித்தனத்தை விட்டுவிட்டு உழைக்கும். என் ஸ்டூடியோவில் ஒரு சட்டம் உண்டு. எந்தக் கார்க்காக இருந்தாலும் நடுவில் துளை போட்டு நூல் கோத்து, கழுத்தில் மாட்டிக்கொள்ள வேண்டும். வழுக்கி உள்ளே போனாலும் இழுத்துவிடலாம். மாணவர்கள் பால்குடிப் பிள்ளைகள் மாதிரி இருக்கிறது என்று கேலி செய்வார்கள். செய்யட்டும், வாயில் விளையாட்டு கூடாது.

அப்போதுதான் அஃப்சானா வந்தாள். கோலாலம்பூரில் கார்ட்டூன் தயாரிக்கிற பெண். ஒரு குட்டி யானையின் கதை, தமிழ்ப் பள்ளிப் பிள்ளைகளுக்காக. யானையின் பெயர் வேழன். அந்த வேழனுக்குக் குரல் தேடி நாட்டில் எல்லாரையும் கேட்டுவிட்டு, கடைசியில் என்னுடையதையும் புனிதனுடையதையும் எடுத்துப்போய்க் கேட்டாள். மறுநாள் போன் வந்தது.

"வாய்ஸ் அவரோடதுதான் வேணும் அங்கிள். நீங்க பேசுனா நியூஸ் வாசிக்கிற மாதிரி இருக்குலா. அந்த ழ மட்டும் கொஞ்சம் செட் பண்ணிக் குடுங்க."

அங்கிள் என்றதைக்கூட மன்னித்துவிடலாம். வேழனை வேளன் என்று சொல்கிற வாய்க்கு வேழன் வேஷம். ஒரு குழந்தை முதலில் கேட்பது வேளன் என்றால் ஆயுசுக்கும் வேளன்தான். நாடு முழுக்க எத்தனை பிள்ளைகள் என்று நினைத்துப் பாருங்கள். யாராவது ஒருத்தன் குறுக்கே நிற்க வேண்டுமா இல்லையா? நான் நின்றேன். தமிழுக்காக நின்றேன் என்பதை மட்டும் தெளிவாக எழுதிக்கொள்ளுங்கள்.

அதற்குப் பிறகு புனிதன் ஆஸ்திரேலியாவுக்குப் பழம் பறிக்கப் போய்விட்டான். லீலாவதி அக்காவுக்கு அப்படித்தான் தெரியும். போகப் போகிறேன் என்று அவனே முன்பு லயத்தில் நாலு பேரிடம் சொல்லி வைத்திருந்தது வசதியாகப் போயிற்று. பெர்மிட் இல்லாமல் போகிறவர்கள் அவசரமாகத்தான் போவார்கள், முகம் காட்டிப் பேச மாட்டார்கள், யாரும் துருவிக் கேட்பதில்லை. ஞாயிற்றுக்கிழமை தவறாமல் அவனுடைய போனிலிருந்து அக்காவுக்கு ஒரு குரல் செய்தி போகும். பேசியது நான்.

அது லேசான வேலையில்லை. வழக்கமான பயிற்சிகளையெல்லாம் தலைகீழாகச் செய்ய வேண்டும். நீவிய தாடையை மறுபடி இறுக்கிக்கொள்ள வேண்டும், பாதி மூச்சை மூக்குக்குத் திருப்ப வேண்டும், எல்லாவற்றுக்கும் மேலாக ழ வருகிற இடத்தில் நாக்கைத் தொடவிட வேண்டும். 'அம்மா, இங்க ஒரே குளிரு. ஒங்க கோளிக் கொளம்பு நெனப்பாவே இருக்கு.' அதைச் சொல்லும்போது எனக்குக் கூசும். இருந்தும் சொன்னேன். அவன் சம்பளம் என்று மாதாமாதம் கொஞ்சம் டுயிட்கூட அனுப்பினேன். ஒரு தாய்க்கு வாராவாரம் பிள்ளையின் குரலைக் கொடுத்திருக்கிறேன், சார்ஜன். அவன் உயிரோடு இருந்திருந்தால்கூட இவ்வளவு ஒழுங்காகப் பேசியிருக்க மாட்டான்.

போன மாதம் ஒரு ஞாயிறு, காலையில் ஒரு பெரிய விளம்பரம். வாய் நன்றாகச் சூடேறிப் போயிருந்தது. அந்தச் சூட்டோடு அக்காவுக்கும் செய்தியை அனுப்பிவிட்டேன். அனுப்பிய பிறகுதான் கேட்டேன். கோழிக் குழம்பு. அப்பழுக்கில்லாத இரண்டு ழ. அழிப்பதற்குள் அக்கா கேட்டுவிட்டார்.

அவருக்குச் சந்தேகம் வந்திருக்கும் என்று நினைப்பீர்கள். வரவில்லை. மறுவாரம் டிபன் கேரியரோடு பஸ் மாறி பஸ் ஏறி என் ஸ்டூடியோவுக்கு வந்துவிட்டார். படியேறி வந்த மூச்சு அடங்குவதற்குள் போனை நீட்டினார்.

"மாஸ்டர், எம் மவனுக்கு அந்த எளுத்து வந்திருச்சி. கேளுங்க. லயத்துல எல்லாத்துக்கும் போட்டுக் காட்டிட்டேன். நீங்க சொல்லிக் குடுத்ததுதான். இனிமே அந்த ஆன வேசம் அவனுக்குக் கெடைக்குமா?"

என்ன முகம் அது. நான் இத்தனை வருஷம் எத்தனையோ பேருக்கு ழ சொல்லிக்கொடுத்திருக்கிறேன். அதற்காக அப்படி ஒரு சந்தோஷத்தை யார் முகத்திலும் பார்த்ததில்லை. எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. கேரியரைத் திறந்து கொஞ்சம் எடுத்து வாயில் வைத்தேன்.

"கோழிக் குழம்பு பிரமாதம், அக்கா."

 அக்கா போனைக் காதில் வைத்து மறுபடி கேட்டார். என் வாயைப் பார்த்தார்.

"இன்னொரு தடவ சொல்லுங்க மாஸ்டர்."

அந்த இடத்தில் நான் கோளி என்று சொல்லியிருக்கலாம். அத்தனை ஞாயிறும் சொல்லிப் பழகிய வாய்தான். ஆனால் அது புனிதனின் பெயரில் சொன்னது. என் ஸ்டூடியோவில், என் சொந்த வாயால் அப்படிச் சொல்ல மனம் ஒப்பவில்லை. தாங்கிப் பிடித்தே சொன்னேன். அக்கா கத்தவில்லை. "எம் மவன் எங்க மாஸ்டர்?" என்று மட்டும் கேட்டார். நான் வெந்நீர்க் கப்பை எடுக்கத் திரும்பினேன். அவர் கேரியரை மூடிக்கொண்டு படியிறங்கி நேராக உங்களிடம் வந்தார்.

புனிதனுக்கு அன்றைக்கு என்ன நடந்தது என்றுதானே கேட்கிறீர்கள். சொல்கிறேன், மறைக்க ஒன்றுமில்லை.

அன்றைக்கு அவனுக்கு ழ வந்துவிட்டது. கார்க்கைக் கடித்தபடி அந்த வரியைச் சொன்னான், எல்லா ழ-வும் சரியாக விழுந்தன. கார்க்கை எடுத்துவிட்டு 'வேழன்' என்று சொல்லிப் பார்த்தான். நான் தாங்குவதைவிட ஒரு இழை கூடவே தாங்கினான். பதிவறைக் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஹெட்போனில் அதைக் கேட்ட ஒரே ஆள் நான். ஆகவே அக்கா சொன்னது பொய்யில்லை பாருங்கள். பையன் அழுதுகொண்டே சிரித்தான்.

"அம்மாவுக்குப் போன் போடட்டுமா மாஸ்டர்?"

ஒரே ஒரு பயிற்சி பாக்கி, முடித்துவிட்டுப் போடு என்றேன். உள்ளே போய், அடுத்த கட்டத்துக்கு என்று சின்னக் கார்க்கைக் கொடுத்தேன். அதில் நூல் கோக்கவில்லை. கத்தரித்து எடுத்துவிட்டிருந்தேன். மல்லாந்து படு, மூச்சுக்கு நல்லது என்றேன். பல்லுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வேகமாக, சிரித்தபடியே சொல் என்றேன். சொன்னபடி கேட்கிற பையன். நான் வெளியே வந்து கதவைச் சாத்தினேன். சத்தம் போகாத கதவு, நல்ல கனம். அவன் எழுந்து வருவது கண்ணாடியில் தெரிந்தது. ஹெட்போனைக் கழற்றி வைத்துவிட்டு வெளியிலிருந்து கைப்பிடியைப் பிடித்துக்கொண்டிருந்தேன், அவன் இழுப்பது நிற்கும்வரை. மற்றபடி நான் அவனைத் தொடவே இல்லை, சார்ஜன். தொடுகிற தூரத்தில் இருந்தேன், தொடவில்லை. அதுதான் வித்தியாசம்.

சாயங்காலம் மழை பிடித்துக்கொண்டது. அவனுடைய தோட்டத்தில் பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவு நடந்துகொண்டிருந்தது. மழைக்கு ஆள் யாரும் இல்லை. கன்று வைக்க வெட்டிப் போட்டிருந்த குளிகளில் ஒன்றை ஆழமாக்கிக்கொண்டேன். புனிதன் அந்தக் குளியில்தான் இருக்கிறான். லயத்துப் பின்வாசலிலிருந்து கூப்பிடு தூரம். தாய்க்குப் பக்கத்தில் இருக்கட்டும் என்று நினைத்தேன். இப்போது அங்கே கன்று இடுப்பு உயரம் இருக்கும். அக்கா கையால் வளர்த்த கன்றாகக்கூட இருக்கலாம்.

அவ்வளவுதான். பதிந்ததை ஒரு தடவை போட்டுக் காட்டுங்கள்.

அங்கே நிறுத்துங்கள். அந்த ஒரு சொல் தப்பாக வந்துவிட்டது, நீங்களும் கவனித்திருப்பீர்கள். வாய் உலர்ந்திருக்கும், வேறொன்றுமில்லை. மற்ற எதையும் மாற்ற வேண்டாம். அந்தச் சொல்லை மட்டும் மறுபடி எடுத்துக்கொள்வோம். ரெடியா?

குளி.

இல்லை, பொறுங்கள். குளி.

கொஞ்சம் தண்ணீர் கொடுங்கள், சார்ஜன். நாக்கு தொடுகிறது.