மூன்றடிப் பள்ளம்

எலுமிச்சைக்கு அடிமரத்தில் ஈரம் நின்றால் ஆகாது. விவசாயம் படித்த எனக்கு மட்டுமல்ல, கண் உள்ள எவனுக்கும் இது தெரிய வேண்டும். எழுதிக்கொள்ளுங்கள் ஏட்டையா, நிதானமாகவே சொல்கிறேன். பூஞ்சணம் என்றால் என்னவென்று தெரியாவிட்டால் கேளுங்கள், வெட்கப்பட வேண்டாம்.

செய்யூருக்குக் கிழக்கே என் தோப்பும் எல்லப்பன் தோப்பும் அடுத்தடுத்து இருக்கின்றன. கிணறும் வாய்க்காலும் இருவருக்கும் பொது. திங்களும் வியாழனும் அவன் முறை. செவ்வாயும் வெள்ளியும் என் முறை. அவன் அடிமரத்தைச் சுற்றிக் குளம் கட்டித் தண்ணீரை நிறுத்துவான். தண்டை ஒட்டி மண்ணை அணைத்துவிட்டு வெளிவட்டத்தில் பாய்ச்சு, இல்லாவிட்டால் வேர் அழுகும் என்றேன். டீக்கடையில் எல்லோர் முன்னாலும் சிரித்தான்.

"மரத்துக்குத் தண்ணி காட்டாதன்னு சொல்ற ஆள இப்பத்தான் பாக்கறேன். இன்னா படிப்போ."

கடையே சிரித்தது. கைநாட்டுக் கூட்டம், வேறென்ன செய்யும். ஆனால் மூன்று வருடமாகியும் அவன் மரங்கள் காய்த்துக் குலுங்கின. என் தோப்பில்தான் நான்கு மரங்கள் வேர் அழுகிப் பட்டுப்போயின. அது எனக்குப் பொறுக்கவில்லை.

அந்த அழுகிய வேர்களை நறுக்கி, அவன் முறை நாட்களில் வாய்க்காலில் போட்டேன். அவன் மடத்தனத்துக்கு என்றோ வந்திருக்க வேண்டிய நோய். தாமதத்தைச் சரிசெய்தேன், அவ்வளவுதான்.

எழுபத்து நாலில் அவன் மரங்களில் இலை மஞ்சளாகி, பட்டையில் பிசின் வடிந்தது. துண்டைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு என் வாசலில் வந்து நின்றான். அந்த அறுபது மரங்களை நம்பித்தான் அவனும் அவன் மனைவி ஆராயியும் சாப்பிட்டார்கள்.

"நீங்க சொல்றபடி கேக்கறேன் சார். மரத்த மட்டும் காப்பாத்திக் குடுங்க."

பட்டையைச் சுரண்டி, மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்து பூசச் சொன்னேன். பூசினான். பாதி மரங்கள் தளிர்த்துவிட்டன. எல்லாம் தன் புருஷன் கைராசி என்று ஆராயி ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாள். என் பெயரை அவள் எங்கேயும் எடுக்கவில்லை.

நோய் மரத்துக்கும் நல்ல மரத்துக்கும் நடுவே பள்ளம் வெட்டினால் வேர் வழியாக நோய் பரவாது. மூன்றடி போதும். நான் ஆளுயரம் என்றேன். வாய்க்கால் கரையை ஒட்டி வெட்டு என்றும் சொன்னேன். எங்களுடையது மணல் பூமி. ஐப்பசி மழையில் வேறு ஊறிக் கிடந்தது. யோசித்திருந்தால் அவனுக்கே தெரிந்திருக்கும். யோசிக்கிற வழக்கம் அவனுக்கு இல்லை.

செவ்வாய்க்கிழமை காலை போய்ப் பார்த்தேன். அவன் தலை தெரியவில்லை, மண் மட்டும் மேலே வந்து விழுந்துகொண்டிருந்தது. அங்குலம் பிசகாத ஆளுயரம். முதல்முறையாக நான் சொன்னதை அப்படியே செய்திருந்தான். மனதுக்கு நிறைவாக இருந்தது.

பிறகு கிணற்று எஞ்சினைப் போட்டு வாய்க்காலுக்கு மடையைத் திறந்தேன். மழைக்காலத்தில் எலுமிச்சைக்குத் தண்ணீர் தேவையில்லை என்பதும் எனக்குத் தெரியும். கரை மொத்தமாகப் பள்ளத்துக்குள் சரிந்தது. அவன் ஒரு தடவைதான் கூப்பிட்டான். நான் மடையை மூடவில்லை.

அன்றைக்கு என் முறை, ஏட்டையா. அடுத்தவன் முறையில் தண்ணீர் எடுத்தேன் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள்.